அணிவகுப்பில் இடம்பெறாதவர்கள்

2025 செப்டம்பர் 3 அன்று பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் நடந்த ராணுவ அணிவகுப்பை உலகமே உற்று நோக்கியது. ஷி ஜின்பிங்கின் இருபுறமும் ரஷிய அதிபர் புதினும் வடகொரிய அதிபர் கிம் ஜாங் உன்னும் நடந்துவந்த காட்சியே மறுநாள் நாளிதழ்கள் பலவற்றின் முதல் பக்கத்தை நிறைத்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள், ஆளில்லா விமானங்கள், நீருக்கடியில் செல்லும் புதிய கலங்கள் ஆகியவற்றைப் பற்றி வல்லுநர்கள் வாரக்கணக்கில் எழுதினார்கள். அந்த விழா எதற்காக நடத்தப்பட்டது என்பது மட்டும் பேச்சில் பின்னுக்குப் போய்விட்டது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக்கு எதிரான 'சீன மக்களின் எதிர்ப்புப் போர்' வெற்றியடைந்ததன் எண்பதாம் ஆண்டு நிறைவு அது. அந்தப் பெயரில் உள்ள 'மக்கள்' என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. படைவீரர்களின் போராக அல்லாமல் மக்களின் போராக அது ஏன் அழைக்கப்படுகிறது? சீருடை அணியாத அந்த மக்கள் உண்மையில் என்ன செய்தார்கள்? எதை மனமுவந்து கொடுத்தார்கள், எது அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது?

இந்தக் கேள்வி பழங்கதை அல்ல. அதே ஆண்டின் கோடைக்காலத்தில் சீனத் திரையரங்குகளை நிறைத்த இரண்டு படங்களின் நாயகர்களும் சாதாரணக் குடிமக்களே. ஒன்று, நாஞ்சிங் படுகொலையின்போது ஜப்பானிய வீரர்கள் கழுவக் கொடுத்த ஒளிப்படச் சுருள்களிலிருந்து படிகளை ரகசியமாக எடுத்து வைத்த புகைப்பட நிலையத்துப் பணியாளர்களைப் பற்றியது. அதன் வேரில் இருப்பது உண்மை நிகழ்ச்சி. பயிற்சிப் பணியாளராக இருந்த ஓர் இளைஞர் சேர்த்து வைத்த 16 படங்கள் பின்னாளில் போர்க்குற்ற விசாரணையில் சாட்சியமாயின. மற்றொன்று, 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் போர்க்கைதிகளை ஏற்றிச் சென்ற 'லிஸ்பன் மாரு' என்ற ஜப்பானியக் கப்பல் மூழ்கியபோது, சோஷான் தீவுகளின் மீனவர்கள் தங்கள் சிறு படகுகளில் சென்று 384 பேரைக் காப்பாற்றியதைச் சொல்வது. சீன அரசு இப்போது தளபதிகளின் கதைகளைவிடக் குடிமக்களின் கதைகளையே விரும்பிச் சொல்கிறது. ஓர் அரசு தன் குடிமக்களின் பழைய தியாகங்களை ஓயாமல் நினைவூட்டத் தொடங்கினால், அது எதிர்காலத்தில் அவர்களிடம் ஏதோ கேட்கப்போகிறது என்று ஐயுறுவதில் தவறில்லை.

முதலில் போரின் அளவைச் சொல்லிவிட வேண்டும். 1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங்குக்கு அருகே மார்க்கோ போலோ பாலத்தில் தொடங்கிய மோதல் எட்டு ஆண்டுகள் நீடித்தது. 2017 முதல் சீனப் பாடநூல்கள் 1931-இல் மஞ்சூரியா பறிக்கப்பட்டதிலிருந்தே கணக்கிட்டு, இதைப் பதினான்கு ஆண்டுப் போர் என்கின்றன. இறந்தவர்கள் குறைந்தது 1.4 கோடி என்பது வரலாற்றாய்வாளர்கள் பலர் ஏற்கும் மதிப்பீடு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடிமக்கள். வீடிழந்து அலைந்தவர்கள் 8 கோடி முதல் 10 கோடி வரை. ஓராண்டுக்குள் ஷாங்காய், நாஞ்சிங் ஆகியவையும், ஒன்றரை ஆண்டுக்குள் வூஹானும் குவாங்சோவும் விழுந்துவிட்டன. துறைமுகங்கள், ஆலைகள், ரயில்பாதைகள் ஆகியவற்றின் பெரும்பகுதி பகைவரிடம் போனபின் சியாங் கை ஷேக்கின் அரசிடம் எஞ்சியிருந்தவை மேற்குப் பகுதியின் மலைகளும், வயல்களும், மனிதர்களும்தாம். ஆகவே இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் மனித உடல் செய்தது.

பர்மா சாலை இதற்குச் சரியான சான்று. கடல்வழி அடைபட்டபின் வெளியுலகிலிருந்து ஆயுதமும் எரிபொருளும் கொண்டுவர ஒரு பின்வாசல் தேவைப்பட்டது. யுன்னான் மாகாணத் தலைநகர் குன்மிங்கிலிருந்து பர்மாவின் லாஷியோ வரை சுமார் 1,150 கிலோமீட்டர் நீளச் சாலை அவ்வாறு உருவானது. இடையே மேகாங், சால்வீன் ஆகிய இரு பேராறுகளின் செங்குத்தான பள்ளத்தாக்குகள் குறுக்கிட்டன. 1937 இறுதியில் தொடங்கிய வேலை 1938-க்குள் முடிந்தது. உழைத்தவர்கள் சுமார் இரண்டு இலட்சம் பேர். உடல்வலிமை மிக்க ஆண்கள் ஏற்கெனவே படைக்கு எடுக்கப்பட்டிருந்ததால், சாலை போட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், முதியவர்கள், சிறுவர்கள். ஹான் இனத்தவரோடு தாய், யீ, பாய் முதலிய மலைநாட்டுச் சிறுபான்மை இனத்தவரும் வந்தார்கள். மண்வெட்டி, கூடை, சுத்தியல் ஆகியவையே அவர்களுடைய கருவிகள். சாலையைச் சமன்படுத்தப் பாறையைக் குடைந்து செய்த உருளைகளை ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். இறக்கத்தில் உருளை கைமீறிப் போனால் முன்னால் நின்றவர்கள் நசுங்கிச் செத்தார்கள். பள்ளத்தாக்குகளில் மலேரியா வேறு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதே குறைந்தபட்சக் கணக்கு.

இவர்களைத் தியாகிகள் என்று சொல்வது எளிது. ஆனால் சாலை எவ்வாறு போடப்பட்டது என்ற நடைமுறையைப் பார்த்தால் சொல்லைச் சற்று எச்சரிக்கையோடு பயன்படுத்தத் தோன்றும். ஒவ்வொரு வட்டத்துக்கும் இத்தனை கிலோமீட்டர், இத்தனை ஆட்கள் என்று மாகாண அரசு பங்கு பிரித்துக் கொடுத்தது. ஆட்கள் தங்கள் உணவையும் கருவியையும் தாங்களே கொண்டுவர வேண்டும். கூலி பெரும்பாலும் கிடையாது. குறித்த காலத்தில் வேலையை முடிக்காவிட்டால் அதைப் பூட்டிக்கொண்டு தானே தலைநகருக்கு வந்து நிற்க வேண்டும் என்ற உத்தரவோடு ஒரு வட்ட அதிகாரிக்குக் கைவிலங்கு அனுப்பப்பட்டதாக ஒரு கதை அந்த வட்டாரத்தில் இன்றும் பெருமையோடு சொல்லப்படுகிறது. நம் ஊர்வழக்கில் இதற்கு வெட்டி ஊழியம் என்று பெயர். அதேசமயம், அந்த மலைக்கிராமத்துப் பெண்களுக்குப் போரைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்வதும் அவர்களை அவமதிப்பதாகும். ஜப்பானியர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த காலத்தில் அந்தச் சாலை முடிந்ததற்குக் கைவிலங்கு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. கட்டாயமும் விருப்பமும் ஒரே உடலுக்குள் கலந்திருந்தன. எந்த விகிதத்தில் என்று பிரித்துச் சொல்ல இன்று யாராலும் இயலாது என்றே நான் கருதுகிறேன்.

சாலை போட்டாயிற்று, லாரி ஓட்டத் தெரிந்தவர்கள் யுன்னானில் இல்லை. அப்போது குரல் கொடுத்தவர் சிங்கப்பூரின் ரப்பர்த் தொழிலதிபர் டான் கா கீ. தென்கிழக்காசியச் சீனர்களின் நிவாரண அமைப்புகளை 1938 அக்டோபரில் ஒரே கூட்டமைப்பாக இணைத்தவர் அவர். அவருடைய அழைப்பை ஏற்று 1939-இல் மலாயா, சிங்கப்பூர் முதலிய இடங்களிலிருந்து சுமார் 3,200 ஓட்டுநர்களும் பழுதுபார்ப்போரும் பர்மா சாலைக்குச் சென்றார்கள். பினாங்கிலிருந்து ஒரு பெண் ஆண்வேடமிட்டுச் சேர்ந்தார். இவர்களை யாரும் கயிறு கட்டி இழுத்துச் செல்லவில்லை. நிலையான சம்பளத்தையும் குடும்பத்தையும் விட்டுவிட்டுப் போனவர்கள். குண்டுவீச்சிலும் மலைச்சரிவிலும் காய்ச்சலிலுமாக ஏறத்தாழ மூன்றில் ஒருவர் திரும்பவில்லை.

அவர்களை அனுப்பிவைத்த சமூகம் கொடுத்த விலை இன்னும் கொடியது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தவுடன், சீன நிவாரண நிதிக்கு உதவியவர்கள் என்று ஐயுறப்பட்ட சீன ஆண்களை ஜப்பானியப் படை தேர்ந்தெடுத்துக் கடற்கரைகளில் சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்கள் ஐயாயிரம் என்பது ஜப்பானியத் தரப்பு ஒப்புக்கொண்ட அளவு. சீனச் சமூகம் சொல்வது அதைப்போலப் பத்து மடங்கு. பின்னர் 'நன்கொடை' என்ற பெயரில் 5 கோடி டாலரும் கேட்டுப் பிடுங்கப்பட்டது. அதே மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட கதையை நாம் அறிவோம். டான் கா கீயின் பெயர் பெய்ஜிங்கிலும் சிங்கப்பூரிலும் நிலைத்திருக்கிறது. ரயில்பாதையில் செத்த நம்மவர்களின் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை. போரில் உழைத்த எளியவர் நினைவுகூரப்படுவதும் மறக்கப்படுவதும் பின்னால் நிற்கும் அரசின் வலிமையைப் பொறுத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

யாங்சி ஆற்றங்கரையில் நடந்தது வேறு வகை. 1938 இலையுதிர் காலத்தில் வூஹான் விழும் தறுவாயில், கிழக்கிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஆலை இயந்திரங்கள் யிசாங் என்ற ஆற்றுத்துறையில் மலைபோல் குவிந்து கிடந்தன. சுமார் ஒரு இலட்சம் டன் சரக்கு. கூடவே சுமார் முப்பதாயிரம் மனிதர்கள். யிசாங்குக்கு மேலே உள்ள ஆற்றுக் குடைவுகளில் பெரிய கப்பல்கள் செல்ல முடியாது. நீர்மட்டம் இறங்க நாற்பது நாள்களே இருந்தன. மின்ஷெங் கப்பல் நிறுவனத்தின் உரிமையாளர் லூ ஸோஃபூ தம்மிடமிருந்த சிறு நீராவிக் கப்பல்களையும் நூற்றுக்கணக்கான மரப்படகுகளையும் கொண்டு, பயணத்தைக் கட்டங்களாகப் பிரித்து, பகலில் ஓட்டம், இரவில் ஏற்றியிறக்கம் என்று திட்டமிட்டு, இயந்திரங்களின் பெரும்பகுதியைச் சோங்சிங் பக்கம் சேர்த்தார். கரையிலிருந்து கயிற்றால் படகிழுக்கும் தொழிலாளர்கள் இல்லையென்றால் அது நடந்திருக்காது. பின்னாளில் சோங்சிங்கில் வார்க்கப்பட்ட துப்பாக்கிகளும் குண்டுகளும் அந்த நாற்பது நாள்களின் விளைச்சல்.

மாணவர்களும் நடந்தார்கள். பீக்கிங், சிங்குவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் இணைந்து குன்மிங்குக்கு இடம்பெயர்ந்தபோது, ஏறத்தாழ முந்நூறு மாணவர்களும் ஆசிரியர்களும் 1,600 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவை 68 நாள்களில் பெரும்பாலும் கால்நடையாகவே கடந்தார்கள். நாஞ்சிங்கிலிருந்த மத்தியப் பல்கலைக்கழகத்தின் பண்ணை ஊழியர்கள் உயர்ரக மாடுகளையும் பன்றிகளையும் கோழிகளையும் ஓட்டிக்கொண்டு ஏறத்தாழ ஓராண்டு நடந்து சோங்சிங் வந்து சேர்ந்தார்கள். ஓட்டிப் போகும்படி அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. விட்டுவிட்டு ஓடியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1938 ஜூலை 7 அன்று, போர் தொடங்கிய முதலாண்டு நிறைவில், வூஹானில் ஐந்து நாள்கள் நன்கொடை மேடைகள் அமைக்கப்பட்டன. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று கொடுத்தார்கள். சேர்ந்த தொகை பத்து இலட்சம் யுவானைத் தாண்டியது. ரிக்‌ஷா இழுப்பவர்களும் பிச்சைக்காரர்களும் மேடையேறிக் காசு போட்டார்கள். பெண்கள் திருமண மோதிரத்தைக் கழற்றிப் போட்டார்கள். நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் படைவீரர்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த குளிராடைகளும் துணிச் செருப்புகளும் செய்தன. அந்த ஆண்டு மார்ச்சில் வூஹானில் தொடங்கப்பட்ட குழந்தைகள் காப்புச் சங்கம் போர்க்காலத்தில் சுமார் முப்பதாயிரம் அநாதைக் குழந்தைகளை வளர்த்தது. இந்த உற்சாகத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் இது போரின் முதல் ஆண்டு, நகரம், செய்தித்தாள் படிப்பவர்கள் நிறைந்த சூழல். எஞ்சிய ஏழு ஆண்டுகளும் கிராமங்களின் தோளில்தான் ஓடின.

அங்கே படம் மாறுகிறது. பணவீக்கம் எல்லை மீறியதால் 1941 முதல் நிலவரியைப் பணமாக அல்லாமல் தானியமாகவே அரசு வாங்கத் தொடங்கியது. சிச்சுவான் மாகாணம் மட்டும் நாட்டின் தானிய வரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தது. படைக்கு 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களையும் கொடுத்தது. 1944-இல் அமெரிக்காவின் பி-29 ரகக் குண்டுவீச்சு விமானங்களுக்காகச் செங்டூவைச் சுற்றிய ஓடுதளங்களை இலட்சக்கணக்கான சிச்சுவான் விவசாயிகள் சில மாதங்களில் கைகளாலேயே அமைத்தார்கள். அதே கல் உருளைகள், அதே கயிறுகள். அந்த ஆண்டு ஜூனில் ஜப்பானின் யவாட்டா உருக்காலை மீது நடந்த தாக்குதல் அந்த ஓடுதளங்களிலிருந்தே புறப்பட்டது.

போர்க்காலம் முழுவதிலும் படைக்கு எடுக்கப்பட்டவர்கள் சுமார் 1.4 கோடி பேர். பணமுள்ளவர்கள் ஆள்மாற்றுக் கொடுத்துத் தப்பினார்கள். ஏழைகளின் பிள்ளைகள் கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைக்கப்பட்டு நடத்திச் செல்லப்பட்டார்கள். படைப்பிரிவை அடையும் முன்பே பசியிலும் நோயிலும் செத்தவர்கள் இலட்சக்கணக்கில். இதுவும் 'மக்களின் பங்களிப்பு' என்றே கணக்கெழுதப்படுகிறது.

எல்லாவற்றிலும் கொடியது ஹெனான். ஜப்பானியரின் முன்னேற்றத்தைத் தடுக்க 1938 ஜூனில் சியாங் கை ஷேக்கின் படையே மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்தது. உள்ளூர் மக்களுக்கு எச்சரிக்கை தரப்படவில்லை. வெள்ளத்திலும் அதன் பின்விளைவுகளிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தக் காயம் ஆறும் முன்பே 1942-இல் வறட்சி வந்தது. விளைச்சல் பொய்த்த வயல்களிலிருந்தும் படைக்கான தானிய வரி வசூலிக்கப்பட்டது. விதை நெல்லைப் போல எடுத்துவைத்திருந்த கடைசிக் கோதுமையையும், பின்னர் மாட்டையும் நிலத்தையும் விற்று வரி கட்டினார்கள். மரப்பட்டையையும் புல்லையும் தின்றார்கள். 20 முதல் 30 இலட்சம் பேர் இறந்தார்கள். 1943 பிப்ரவரியில் இதை எழுதிய 'தாகுங் பாவ்' நாளிதழ் மூன்று நாள்கள் முடக்கப்பட்டது. 'டைம்' இதழின் செய்தியாளர் தியடோர் ஒயிட் நேரில் சென்று பார்த்து எழுதினார். பிணங்களை நாய்கள் தின்னும் ஒளிப்படங்களைக் கண்முன் வைத்த பின்பே சியாங் கை ஷேக் நம்பினார் என்பது ஒயிட்டின் பதிவு.

அடுத்து நடந்ததைத்தான் பெய்ஜிங்கின் திட்டமிடுவோர் படிக்க வேண்டும் என்பேன். 1944 வசந்தத்தில் ஜப்பானியப் படை ஹெனானில் பெருந்தாக்குதல் தொடங்கியபோது, பின்வாங்கிய சீன வீரர்களை ஹெனான் விவசாயிகளே வழிமறித்தார்கள். அரிவாளும் கடப்பாரையும் கொண்டு அவர்களுடைய துப்பாக்கிகளைப் பறித்தார்கள், சிலரைக் கொன்றார்கள். பல்லாயிரம் வீரர்கள் இவ்வாறு தங்கள் மக்களாலேயே நிராயுதபாணிகளாக்கப்பட்டார்கள். இந்த விவசாயிகள் தேசத்துரோகிகள் அல்லர். ஆறு ஆண்டுகளுக்கு மேலாகத் தானியமும் ஆளும் கொடுத்து வந்தவர்கள் அவர்கள்தாம். வெள்ளம், வறட்சி, வெட்டுக்கிளி ஆகியவற்றோடு அங்கே முகாமிட்டிருந்த தளபதி டாங் என்போவையும் நான்காவது பேரிடராகச் சேர்த்து எண்ணினார்கள் என்பதே அவர்கள் மனநிலையைக் காட்டும்.

இதற்கு நேரெதிராகக் கம்யூனிஸ்டுகளின் பகுதியில் மக்கள் மனமுவந்து உழைத்தார்கள் என்பது பெய்ஜிங் சொல்லும் வரலாறு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. குத்தகைக் குறைப்பு, வட்டிக் குறைப்பு ஆகியவை விவசாயிக்குக் கைமேல் பலனைக் கொடுத்தன. வடசீனக் கிராமங்களில் சுரங்கப்பாதை தோண்டியவர்களும், இரவில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துச் சென்றவர்களும் கெரில்லாப் படைக்குக் கண்ணும் காதுமாக இருந்தார்கள். அதற்காக ஜப்பானியரின் 'அனைத்தையும் எரி, கொல், கொள்ளையிடு' என்ற பழிவாங்கலுக்கும் ஆளானார்கள். ஆனால் யேனானிலும் தானிய வரி கசந்தது. 1941-இல் அங்கே ஒரு கூட்டத்தின்போது இடி விழுந்து அதிகாரி ஒருவர் இறந்தார். அந்த இடி மாவோ மீது விழுந்திருக்கக் கூடாதா என்று ஒரு விவசாயி வாய்விட்டுச் சொன்னார். காவல்துறை அவரைப் பிடிக்க முனைந்தபோது மாவோ தடுத்து, வரிச்சுமையே காரணம் என்று அறிந்து, அடுத்த ஆண்டு இரண்டு இலட்சம் 'தான்' அளவாக இருந்த தானிய வரியை ஒரு இலட்சத்து அறுபதாயிரமாகக் குறைத்தார். படையினரையே தரிசு நிலத்தில் பயிரிட அனுப்பினார். கட்சியே விரும்பிச் சொல்லும் கதை இது. ஆகவே மெருகேறியிருக்கும். ஆயினும் ஹெனானுக்கும் யேனானுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஓரிடத்தில் புகாரை எழுதிய நாளிதழ் முடக்கப்பட்டது. மற்றோரிடத்தில் சாபமிட்டவனின் பேச்சு காதில் விழுந்தது.

1948-49 குளிர்காலத்தில் உள்நாட்டுப் போரின் முடிவைத் தீர்மானித்த ஹுவாய்ஹாய்ச் சமரில் 54 இலட்சம் விவசாயிகள் கம்யூனிஸ்ட் படைக்காகச் சுமை தூக்கினார்கள். அந்த வெற்றி ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகளால் தள்ளிக்கொண்டு வரப்பட்டது என்று தளபதி சென் யி பின்னர் சொன்னதன் பொருள் இதுவே. நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்த வண்டிகளைத் தள்ளியது. பத்தாண்டு கழிவதற்குள் அந்த நிலம் கம்யூன்களுக்குப் போய்விட்டது என்பது தனிக் கதை.

கொரியப் போரில் அரசின் கை இன்னும் தேர்ந்துவிட்டது. முன்னணியில் சமைக்க நெருப்பு மூட்டினால் அமெரிக்க விமானங்கள் கண்டுகொள்ளும் என்பதால், நம் சத்துமாவைப் போன்ற வறுத்த மாவைப் பைகளில் கட்டி அனுப்பினார்கள். வடகிழக்கு நகரங்களில் வீடுதோறும் மாவு வறுத்தார்கள். பிரதமர் சோ என்லாயும் ஒருநாள் கரண்டி பிடித்தார். 1951 ஜூனில் தொடங்கிய போர்விமான நன்கொடை இயக்கம் ஓராண்டுக்குள் 3,710 விமானங்களுக்குச் சமமான தொகையைத் திரட்டியது. ஹெனான் இசைநாடகக் கலைஞர் சாங் சியாங்யூ தம் குழுவோடு ஆறு மாதங்கள் ஊர் ஊராக ஆடிப்பாடி ஒரு விமானத்துக்கான பணத்தைச் சேர்த்தார். அந்தக் கலைஞரின் ஈடுபாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அதே மாதங்களில் 'எதிர்ப்புரட்சியாளர் ஒழிப்பு' இயக்கமும் நடந்துகொண்டிருந்தது; தொழிற்சாலைகளும் தெருக்களும் 'தேசபக்தி ஒப்பந்தம்' எழுதிக் கையொப்பமிட்டன. அந்தச் சூழலில் உண்டியலை நீட்டியவரிடம் இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு இருந்திருக்கும்?

கொடுத்தவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு இன்னொரு வேதனை. யிசாங்கின் நாயகர் லூ ஸோஃபூ, முதலாளிகளுக்கு எதிரான இயக்கத்தின் நடுவே 1952 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டார். பர்மா சாலைக்கு வந்து யுன்னானிலேயே தங்கிவிட்ட மலாயா ஓட்டுநர்கள் பலர், வெளிநாட்டுத் தொடர்புடையவர்கள் என்ற பெயரில் கலாசாரப் புரட்சியின்போது அலைக்கழிக்கப்பட்டார்கள். விமானம் வாங்கிக் கொடுத்த சாங் சியாங்யூவும் அதே ஆண்டுகளில் தூற்றப்பட்டார். இன்று மூவகையினரும் நினைவுச் சின்னங்களிலும் படங்களிலும் தேசபக்தர்களாக மீண்டுவிட்டனர். இடைப்பட்ட அத்தியாயம் மட்டும் மெல்லிய குரலில் சொல்லப்படுகிறது, அல்லது சொல்லப்படுவதே இல்லை. 1942 பஞ்சத்தைப் பற்றி 2012-இல் சீனாவில் பெரும் பொருட்செலவில் திரைப்படம் வந்தது. பழி கோமின்டாங் அரசின் மேல் விழுவதால் அதற்குத் தடையில்லை. அதே ஹெனானில், சின்யாங் வட்டாரத்தில், 1959-60-இல் அரசின் தானியக் கொள்முதலால் செத்தவர்களைப் பற்றி அப்படியொரு படம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இப்போது ஏன் இவ்வளவும் முக்கியம் என்றால், தைவான் நீரிணையைச் சுற்றிப் பதற்றம் கூடிக்கொண்டே வருகிறது. 2025 நவம்பரில் ஜப்பானியப் பிரதமர் தகாயிச்சி தைவானைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்துக்காக, ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று சீனா தன் குடிமக்களுக்கு அறிவுறுத்தும் அளவுக்கு விவகாரம் முற்றியது. 2010-இலேயே தேசியப் பாதுகாப்புத் திரட்டல் சட்டம் இயற்றப்பட்டது. அண்மை ஆண்டுகளில் மாகாணந்தோறும் நகரந்தோறும் அதற்கான அலுவலகங்கள் திறக்கப்பட்டிருக்கின்றன. தேவைப்பட்டால் தனியார் கப்பல், லாரி, கிடங்கு, மருத்துவமனை எல்லாவற்றையும் கையிலெடுக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு. சாதனங்களைப் பட்டியலிடுவதில் இன்றைய பெய்ஜிங்கை யாரும் மிஞ்ச முடியாது.

மனத்தைப் பட்டியலிட முடியுமா என்பதே என் ஐயம். 1938-இல் வூஹானின் ரிக்‌ஷாக்காரர் காசு போட்டபோது பகைவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தான். அது தன் வாசலைக் காக்கும் போர். தைவானை இணைப்பதற்கான போர் தொடங்கினால் யாருடைய வாசலுக்கும் ஆபத்து வந்ததாக இருக்காது, பெய்ஜிங் எத்தனை படங்களைத் திரையிட்டாலும். மேலும், அன்றைய விவசாயக் குடும்பத்தில் நான்கைந்து பிள்ளைகள். இன்று படையில் இருக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் ஒற்றைப் பிள்ளைகள். தேசப்பற்று அவர்களிடம் குறைவு என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் கொப்பளிக்கும் கோபம் பெரிதும் உண்மையானதே. ஆனால் மாதக்கணக்கில் வரும் இழப்புச் செய்திகளை அது தாங்குமா என்பதை எந்தத் திரட்டல் அலுவலகமும் முன்கூட்டி அறிய முடியாது.

பெய்ஜிங்குக்கே அந்த உறுதி இல்லை என்பதற்கான குறிப்பு நம் எல்லையிலேயே கிடைக்கிறது. 2020 ஜூனில் கல்வானில் 20 இந்திய வீரர்கள் வீரமரணம் அடைந்ததை இந்தியா உடனே அறிவித்தது. நாடு முழுவதும் இறுதிச் சடங்குகள் வெளிப்படையாக நடந்தன. சீனா தன் தரப்பில் நால்வர் இறந்ததை ஒப்புக்கொள்ள எட்டு மாதங்கள் எடுத்துக்கொண்டது. அந்த எண்ணிக்கையை ஐயுற்று எழுதிய வலைப்பதிவர் ஒருவருக்குத் தியாகிகளை இழிவுபடுத்தியதாக எட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கொரியப் போரில் உறைந்து செத்த வீரர்களைப் பற்றிக் கேலியாக எழுதிய முன்னாள் பத்திரிகையாளர் லூவோ சாங்பிங்குக்கு 2022-இல் ஏழு மாதங்கள். நான்கு சவப்பெட்டிகளைக் காட்டவே எட்டு மாதங்கள் தயங்கிய அரசு, நானூறு சவப்பெட்டிகள் ஒரே வாரத்தில் வந்தால் எந்தத் தாயிடம் எப்போது சொல்லும் என்பதை ஹெனானில் முடக்கப்பட்ட அந்த நாளிதழின் கதையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.